நீர்ச்சறுக்குப் படகும் அதன் புதுக்கமும்

பழையதைப் புதுக்குதல் புதியதைச் செய்தலினும் அரிய தொழிலாகும். புதிதாகச் செய்பவன் தான் இட்ட பொருள் ஒவ்வொன்றையும் அறிவான். புதுக்குபவனோ பிறர் இட்டவை யாவை, காலம் அவற்றை என்ன செய்தது என்பவற்றை ஆராய்ந்து தெளிந்த பின்னரே கருவியைக் கையிலெடுத்தல் வேண்டும். செல்லரித்த ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் புலவருக்கும், பழுதுற்ற கோயிலைத் திருப்பணி செய்யும் தபதிக்கும் உரிய இவ்விதி, ஐக்கிய அமெரிக்காவின் ஏரிகளில் ஓடும் ஒரு சிறு விளையாட்டுப் படகுக்கும் அவ்வாறே பொருந்துகின்றது. நீர்ச்சறுக்குப் படகு எனப்படும் அப்படகையும், அதனைத் தரையிற் சுமந்து செல்லும் இழுவண்டியையும் பழைய நிலையில் வாங்கிப் புதுக்குதல் அந்நாட்டிற் பலர் மேற்கொள்ளும் முயற்சியாகும். அம்முயற்சியில் அடங்கியுள்ள நுட்பங்களையும், அதன்கண் நேரும் பிழைகளாற் பொருளுக்கும் உயிருக்கும் விளையக்கூடிய கேடுகளையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டும் படகும்

நீர்ச்சறுக்கு மிகப் பழைய விளையாட்டன்று. மினசோட்டா மாகாணத்திலுள்ள பெப்பின் ஏரியில், 1922 ஆம் ஆண்டு யூலை மாதம் 2 ஆந் திகதி, றால்வ் சாமுவெல்சன் என்னும் இளைஞர், ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள இரு பைன் பலகைகளின்மேல் நின்று, படகினால் இழுக்கப்பட்டு நீர்மேற் சென்றார். அடுத்த நாளே அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. பலகைகளின் நுனிகளைக் கொதிநீரில் இட்டு மேல்நோக்கி வளைத்தமையும், புறப்படும்போது அந்நுனிகள் நீருக்கு வெளியே நிற்குமாறு உடலைப் பின்சாய்த்தமையுமே அவருடைய வெற்றிக்குக் காரணங்களாயின. 1939 ஆம் ஆண்டில் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் நிறுவப்பெற்றது. புளோரிடாவிலுள்ள சைப்பிரசு கார்டன்சு என்னும் பூங்காவிலே 1940 களிலிருந்து நிகழ்ந்த காட்சிகள் இவ்விளையாட்டை நாடெங்கும் பரப்பின.

தொடக்கத்தில் இதற்கெனத் தனிப் படகு இருந்ததில்லை. கிடைத்த படகே இழுக்கப் போதுமானதாயிருந்தது. போட்டிகள் நுட்பமடைந்தபோதுதான் படகும் மாற வேண்டியதாயிற்று. வளைவோட்டப் போட்டியின் தடம் 259 மீற்றர் நீளமானது. அதன் நடுக்கோட்டில் படகு நேராகச் செல்லும். அக்கோட்டிலிருந்து 11.5 மீற்றர் விலகி, மாறிமாறி இருமருங்கும் அமைந்த ஆறு மிதவைகளைச் சறுக்குவோர் சுற்றிவரல் வேண்டும். ஆடவர் போட்டியிற் படகின் உயர்ந்த வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர். அவ்வேகத்தில் தடம் முழுவதும் ஏறத்தாழப் பதினாறு வினாடிகளிற் கடக்கப்படும். ஒரு முறை வென்றவர்க்கு அடுத்த முறை கயிறு குறைக்கப்படும். 18.25 மீற்றரிலிருந்து படிப்படியாகக் குறைந்து அது 9.75 மீற்றருக்கும் வந்துவிடும். அந்நிலையிற் கயிறு மிதவையின் தூரத்தினுங் குறுகியதாகின்றது. எஞ்சிய தூரத்தைச் சறுக்குவோர் தம் உடலின் சாய்வினாலும் கையின் நீட்டத்தினாலுமே ஈடுசெய்தல் வேண்டும்.

இவ்வாறு ஒருவர் முழுவலிமையுடன் பக்கவாட்டில் இழுக்கும்போது படகு நேர்கோட்டினின்றும் விலகலாகாது. அதன் வேகமுங் குறையலாகாது. பின்னே எழும் அலையும் சிறியதாயிருத்தல் வேண்டும். இம்மூன்று தேவைகளுமே நீர்ச்சறுக்குப் படகின் வடிவத்தை வகுத்தன. பொறி படகின் நடுவே அமைந்தது. அதிலிருந்து சாய்வாகச் செல்லும் தண்டொன்று அடித்தளத்தைத் துளைத்து வெளியேறி, நீரைத் தள்ளும் சுழல்விசிறியைச் சுழற்றியது. கயிறு கட்டுந் தூண் படகின் பிற்பக்கத்தில் இல்லாமல், நிறைமையத்திற்கு அண்மையில் நாட்டப்பட்டது. அடித்தளத்திற் பொருத்திய உலோகச் செதில்கள் படகு பக்கமாக வழுக்காது காத்தன. 1961 ஆம் ஆண்டில் மயாமி நகரிற் சறுக்குப் பள்ளி நடாத்திய லியோ பென்ற்சு என்பவர் உருவாக்கிய சிகி நோட்டிக்கு என்னும் கண்ணாடியிழைப் படகு இவ்வகைக்கு முன்னோடியாயிற்று. பின்னர், புளோரிடாவில் 1925 ஆம் ஆண்டிலிருந்து இயங்கிய கொறெக்ற் கிறாவ்ற்று நிறுவனம் அதனைத் தொடர்ந்து கட்டியது. 1968 ஆம் ஆண்டில் தெனசி மாகாணத்தில் மாஸ்ரர்கிறாவ்ற்று நிறுவனந் தோன்றியது. இவற்றின் வழிவந்த படகுகள் ஏறத்தாழ 19 அடி நீளமும், ஒரு மெற்றிக்குத் தொன்னளவு நிறையும் உடையன. 1970 களிலும் 1980 களிலும் கட்டப்பட்டவை இன்றும் பெருந்தொகையாக விற்பனைக்கு வருகின்றன. புதுப்படகின் விலை பலர்க்கும் எட்டாததாய் உயர்ந்துவிட்டமையால், பழையதை வாங்கிப் புதுக்கும் முயற்சி பெருகிற்று.

மறைந்திருக்கும் மரம்

கண்ணாடியிழை மட்காது, துருவும் ஏறாது. பிசினில் தோய்ந்து இறுகிய அவ்விழைத்தளம் அரை நூற்றாண்டு கழிந்தும் உறுதியோடிருத்தல் உண்டு. ஆதலால், வெளித்தோற்றம் நன்றாயின் படகும் நன்றென்றே பலர் கொள்வர். வெளுத்ததெல்லாம் பாலல்ல என்னும் முதுமொழி ஈண்டு நினைவுகூரத் தக்கது. அக்காலத்துப் படகுகள் பலவற்றின் உள்ளே, முன்னிருந்து பின்வரை ஓடும் நெடுஞ்சட்டங்கள் மரத்தாலானவை. மரத்தைக் கண்ணாடியிழையாற் போர்த்து, சட்டங்களுக்கிடையே நுரைப்பொருளை ஊற்றி நிரப்பி, மேலே தளமிட்டு மூடிவிட்டனர். பொறியின் நிறையைத் தாங்குவதும் இச்சட்டங்களே. சுழல்விசிறியின் உந்துவிசையைப் படகுக்கு ஊட்டுவதும் அவையே.

மரத்தை அழிப்பது நீரென்று கூறுதல் முற்றும் பொருந்தாது. நீருள் முழுதும் அமிழ்ந்த மரம் ஒட்சிசன் இன்மையால் நெடுங்காலம் நிலைக்கும். நன்குலர்ந்த மரமும் நிலைக்கும். ஈரமும் வளியும் ஒருங்கே கிடைக்கும் இடத்திலேதான் மரத்தை உண்ணும் பங்கசு வளர்கின்றது. படகின் உட்புறம் அதற்கு ஏற்ற இடமாகும். இருக்கைகளையும் பொறியையும் பிணிக்கத் துளைத்த ஒவ்வொரு துளையும் ஈரம் நுழையும் வாயிலாகின்றது. நுழைந்த ஈரம், கண்ணாடியிழைப் போர்வையினால் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகின்றது. மிதப்பதற்கென ஊற்றிய நுரையும் ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சிப் படகின் நிறையைப் பலநூறு இறாத்தல் மிகுவிக்கின்றது. மரத்தைக் காக்க இட்ட போர்வையே அதன் அழிவை மறைக்குந் திரையாகிவிடுகின்றது.

ஆதலின் வாங்க விழைவோர் முதலிற் செய்யத்தக்கது சோதனை. மரச்சுத்தியலால் சட்டத்தை மெல்லத் தட்டுமிடத்து நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். பொறியைப் பிணித்துள்ள திருகாணியை முடுக்கும்போது அது இறுகாமற் சுழன்றுகொண்டேயிருப்பின், அது பற்றிநிற்க மரம் இல்லையென்பது தெளிவு. ஐயம் நீங்காதெனின் சிறு துளையிட்டு வெளிவருந் தூளை நோக்குதல் வேண்டும். உலர்ந்து வெளிறிய தூள் நலத்தையும், கறுத்து ஈரமான தூள் உக்கலையுங் காட்டும். 1972 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலிருந்து அமெரிக்கப் படகுகளின் பிற்பக்கத்தில் வலப்புறமாகப் பொறிக்கப்படும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமான அடையாளத் தொடரினைப் பார்த்துப் படகின் வயதையும் அறிந்துகொள்ளலாம்.

சட்டங்களை மாற்றுதல் புதுக்கத்தின் மிகக் கடிய பகுதி. பொறியைத் தூக்கி அகற்றித் தளத்தை அறுத்தெடுத்து, உக்கிய மரத்தையும் நனைந்த நுரையையும் சுரண்டி நீக்கல் வேண்டும். இதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய ஒன்றுண்டு. படகின் அடித்தளத்தை அதன் வடிவத்துக்கு ஏற்பப் பல இடங்களிலும் தாங்கி நிறுத்துதலே அது. உள்ளிருந்த எலும்பை எடுத்துவிட்டால் தோல் தொய்யுமன்றோ! தாங்காது அறுத்த அடித்தளம் சிறிது தொய்ந்து, அத்தொய்வோடு புதுச் சட்டத்தை ஏற்று இறுகிவிடுமாயின், படகு மீண்டும் ஒருபோதும் முன்போல் ஓடாது. பழைய சட்டங்களின் உயரத்தையும் இடைத்தூரத்தையும் முன்னரே அளந்து குறித்துக்கொள்ளாதோர் பொறியை மீள வைக்கும்போது இடர்ப்படுவர்.

புதுச் சட்டத்தை மரத்தினாற் செய்வதா, செயற்கைப் பொருளினாற் செய்வதா என்பதில் இருவகைக் கருத்துண்டு. பெயர்பெற்ற நிறுவனங்கள் பல 1990 களில் மரத்தை நீக்கிவிட்டன என்பது ஒரு சாராரின் வாதம். செவ்வனே மூடிய மரம் முன்னதைப் போலவே பல்லாண்டு நிலைக்கும், விலையுங் குறைவு என்பது மறுசாராரின் வாதம். எதனைக் கொள்ளினும் துளையிடும் முறையே முடிவை நிருணயிக்கின்றது. வேண்டியதினும் பெரிய துளையிட்டு, அதனை எப்பொட்சிப் பிசினால் நிரப்பி, அது இறுகிய பின் அப்பிசினின் நடுவே திருகாணிக்குரிய துளையை இடுவதே சிறந்த முறை. அப்போது திருகாணி மரத்தைத் தீண்டுவதில்லை. ஈரமும் மரத்தை அடைவதில்லை. பழைய இழைத்தளத்தோடு பற்றுவதில் எப்பொட்சி பொலியெசுத்தரினும் வலிது. பொலியெசுத்தர் விலை குறைந்தது. அரைக்கும்போது எழும் கண்ணாடித் தூளும், பொலியெசுத்தர்ப் பிசினிலிருந்து எழும் ஆவியும் நுரையீரலுக்குத் தீங்கு செய்வன. முகமூடியின்றி இத்தொழிலைச் செய்தல் பேதைமையாகும். ஈழத்துக் கரையோரங்களிற் காணப்படும் மீன்பிடிப் படகுகளுட் பலவும் கண்ணாடியிழையால் ஆனவையே. அவற்றிலும் மரம் உள்ளே வைத்து மூடப்படும் இடங்களில் இவ்விதிகள் யாவும் பொருந்தும்.

பொறியின் நிலை

நீர்ச்சறுக்குப் படகின் பொறி பெரும்பாலும் மோட்டார் வண்டிப் பொறியின் வழிவந்தது. போட் நிறுவனத்தின் 351 கன அங்குலப் பொறியும், ஜெனரல் மோட்டேர்சு நிறுவனத்தின் 350 கன அங்குலப் பொறியும் பெருவழக்காயிருந்தன. இரண்டும் எட்டு உருளைகள் கொண்டவை. ஆயின், வண்டியில் உழைப்பதற்கும் படகில் உழைப்பதற்கும் வேறுபாடு பெரிது. சமநிலத்திற் செல்லும் வண்டி தன் வலுவிற் சிறு பகுதியையே செலவிடுகின்றது. படகோ ஓயாது மலையேறும் வண்டியை ஒத்தது. நீர் எந்நேரமும் அதனைத் தடுத்துக்கொண்டேயிருக்கின்றது.

குளிராக்கும் முறையும் வேறாகும். பழைய படகுகளிற் பலவற்றில் ஏரிநீரே உள்ளிழுக்கப்பட்டுப் பொறியினூடே ஓடிப் புகையுடன் வெளியேறுகின்றது. அந்நீரை இழுப்பது சிறகுகளையுடைய ஒரு சிறு றப்பர்ச் சக்கரம். நீரின்றிச் சுழலுமாயின் அது மிகக் குறுகிய நேரத்திற் கருகிவிடும். முரிந்த சிறகின் துண்டு குழாயை அடைக்குமாயின் பொறி சூடேறிக் கெடும். விலை மிகக் குறைந்த இவ்வுறுப்பை ஆண்டுதோறும் மாற்றாமையால், விலை மிகக் கூடிய பொறியை இழந்தோர் பலர்.

வடமாகாணங்களிற் குளிர்காலம் மற்றொரு பகையாகும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகின்றது. அவ்விரிவைத் தாங்க வார்ப்பிரும்பால் இயலாது. இலையுதிர்காலத்தில் நீரை வடிக்க மறந்த உரிமையாளர், வேனிலிற் பிளவுண்ட பொறியைக் காண்பர். சிலர் அப்பிளவைப் பசையால் அடைத்து மைபூசி விற்பதுமுண்டு. எண்ணெய் பால்போல் வெளிறியிருத்தல் நீர் கலந்ததற்குச் சான்றாகும். எட்டு உருளைகளின் அமுக்கத்தையும் தனித்தனி அளந்து ஒப்பிடுதலும் வேண்டும். எல்லாம் ஒத்திருப்பின் நன்று. ஒன்றோ இரண்டோ மிகத் தாழ்ந்திருப்பின் பொறியைத் திறந்து பார்த்தேயாக வேண்டும்.

பொறியை மீளப் பொருத்துகையில் வேண்டப்படும் நுட்பம் வியக்கத்தக்கது. பொறியின் இணைப்பு வட்டும் தண்டின் இணைப்பு வட்டும் முகத்தோடு முகம் பொருந்தும்போது, அவற்றிடையேயுள்ள இடைவெளி எப்பக்கத்தும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் வேறுபடலாகாது. மிகினும் படகு ஓடும். ஆனால் நடுக்கமெடுத்துப் போதிகைகளைத் தேய்க்கும். தரையில் இருக்கும் படகின் வடிவம் நீரில் இறங்கியதுஞ் சிறிது மாறுமாதலின், இவ்வளவையை நீரில் மிதக்கும்போது மீண்டுஞ் சரிபார்த்தல் வேண்டும். தண்டு வெளியேறும் துளையை அடைக்கும் பழைய முறையில் மெழுகூட்டிய நார்த்திரி சுற்றப்பட்டுள்ளது. ஓடும்போது அதனூடாக நீர் சொட்டுச் சொட்டாய்க் கசிதல் வேண்டும். அக்கசிவே தண்டைக் குளிர்விக்கின்றது. இதனையறியாது முற்றாக இறுக்கியோர் தண்டைத் தேய்த்தழித்தனர். சொட்டாத புதிய அடைப்புகளும் இப்போது கிடைக்கின்றன.

ஆவியும் புகையும்

இதுவரை கூறியவை பொருட்கேடு பற்றியன. இனிக் கூறப்படுபவை உயிர்க்கேடு பற்றியன. பெற்றோலின் ஆவி வளியினும் பாரமானது. மோட்டார் வண்டியின் அடிப்பாகம் திறந்திருத்தலால், கசியும் ஆவி நிலத்திற் பரந்து அகன்றுவிடும். படகின் அடிப்பாகமோ மூடிய கிண்ணம். கசிந்த ஆவி அங்கே தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

இக்காரணம்பற்றியே படகுக்கெனச் செய்யப்படும் தொடக்கி, மின்னாக்கி, தீப்பொறி பகிர்வான் ஆகியன உள்ளெழும் பொறி வெளியே தாவாவண்ணம் அமைக்கப்படுகின்றன. காபுரேற்றரும் மிகும் பெற்றோலை வெளியே சிந்தாது தன் உள்வாயிலேயே விடுமாறு அமைக்கப்படுகின்றது. வண்டிக்குரிய உறுப்புகள் தோற்றத்தில் இவற்றை ஒத்தவை. திருகாணித் துளைகளும் பொருந்தும். விலையும் மிகக் குறைவு. ஆகவே, இரண்டும் ஒன்றே என்று கருதி அவற்றைப் பூட்டிவிடும் வழக்கம் உண்டு. அப்படகு நூறு நாள் நன்றாகவே ஓடலாம். நூற்றோராவது நாள் ஒரு குழாய் வெடித்துப் பெற்றோல் கசியுமாயின், திறப்பைத் திருப்புங் கை அவ்வுறுப்பின் விலைக்குறைவுக்கு ஈடுசெலுத்த நேரிடும். பழைய படகை வாங்கியவர் முந்தைய உரிமையாளர் பூட்டிய உறுப்புகள் எத்தகையன என்பதை ஒவ்வொன்றாக நோக்குதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது. பொறியைத் தொடக்குமுன் நான்கு நிமிடம் காற்றுவிசிறியை ஓடவிட்டு, உள்ளிருக்கும் ஆவியை வெளியேற்றுதல் அந்நாட்டிற் கற்பிக்கப்படும் ஒழுங்காகும். எரிபொருட் குழாய்களையும் கால எல்லையிட்டு மாற்றல் வேண்டும். இக்காலப் பெற்றோலிற் கலக்கப்படும் எதனோல் பழைய றப்பர்க் குழாய்களை உள்ளிருந்தே சிதைக்கவல்லது.

மற்றொரு பகை கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாதது. பொறியின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் பன்மடங்கு வலிதாய்ப் பற்றிக்கொள்ளும். நீர்ச்சறுக்குப் படகின் பின்னே நீந்துவோர் ஏறுவதற்குரிய தேக்குமரப் பலகையொன்று உண்டு. புகைக்குழாயின் வாயும் அவ்விடத்தேயே உளது. ஓடும் படகில் அப்பலகையைப் பற்றிக்கொண்டு அலையில் தவழும் விளையாட்டில் இளைஞர் சிலர் மூர்ச்சித்து நீருள் மூழ்கி மாண்டனர். அதன் விளைவாகக் கலிபோர்னியா மாகாணம் 2004 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தினால் அவ்விளையாட்டைத் தடைசெய்தது. அழகுற மெருகிட்ட தேக்குப் பலகை புதுக்கியவர்க்குப் பெருமை தருவது. அதன் அருகே நிற்கும் ஆபத்தைக் குழந்தைகளுக்கு உணர்த்துதலும் புதுக்கத்தின் ஒரு பகுதியே.

மேம்படுத்துதலின் எல்லை

பழைய நிலைக்கு மீட்டல் ஒன்று. முன்னில்லாத வசதியைச் சேர்த்தல் வேறொன்று. பின்னதிற் பயன்மிக்கவை சில உள. தொடுமுனைகளையுடைய பழைய தீமூட்டலுக்குப் பதிலாக மின்னணுத் தீமூட்டலை அமைத்தல் எளிது, தேய்வுமில்லை. கணினியால் இயக்கப்படும் கருவிகளாற் செதுக்கப்பட்ட சுழல்விசிறிகளின் அலகுகள் யாவும் ஒரேயளவின ஆதலால், நடுக்கம் குறைகின்றது; இழுவையும் மிகுகின்றது. முற்காலத்தில் ஓட்டுநரின் கையே வேகத்தைக் காத்தது. சறுக்குவோர் இழுக்குந்தோறும் அவர் நெம்பை மெல்ல அசைத்து ஈடுசெய்தார். இன்று செயற்கைக்கோள்களின் துணைகொண்டு வேகத்தை அளந்து தானே சீராக்கும் கருவியைப் பழைய படகிலும் பொருத்தலாம். ஓட்டுநர் தவறி வீழின் பொறியை நிறுத்தும் இணைப்புக் கயிறு வேறெதனினும் முதன்மையானது. அவ்வமைப்பையுடைய 26 அடிக்குக் குறைந்த படகுகளில், விரைந்து செல்லும்போது அதனைப் பூண்டிருத்தல் வேண்டுமென 2021 ஆம் ஆண்டு ஏப்பிரில் 1 ஆந் திகதி முதல் ஐக்கிய அமெரிக்காவில் விதிக்கப்பட்டுள்ளது. அஃதில்லாத பழைய படகில் அதனைச் சேர்த்தல் சிறிய செலவிற் பெரிய காப்பாகும்.

எல்லா மேம்பாடும் நன்மை பயப்பதன்று. அலைப்பலகை விளையாட்டு 1990 களிற் பரவியபோது, கயிற்றை உயர்ந்த இடத்திற் கட்டும் உலோகக் கோபுரமும், பேரலை எழுப்புவதற்கு நீர் நிரப்பிய பாரப்பைகளும் வழக்கிற்கு வந்தன. சிற்றலைக்கென வடித்த பழைய படகில் இவற்றை ஏற்றுதல் குதிரையைக் கொண்டு நிலம் உழுவதை ஒக்கும். உயரத்திலிருந்து இழுக்கும் விசை கோபுரத்தின் கால்களைப் பெயர்க்க முயலும். அகன்ற தகடுகளை அடியில் இட்டுப் பிணிக்காவிடின் இழைத்தளம் பிளக்கும். 20 அடிக்குட்பட்ட படகுகளின் தகட்டிற் குறித்துள்ள உச்சநிறையில் மனிதர் மட்டுமன்றிப் பாரப்பையும் அடங்கும் என்பதை மறத்தலாகாது. உக்கிய சட்டங்கள்மேற் கோபுரம் நிறுத்துவோர் மணலின்மேல் மாளிகை எழுப்புவோரே.

வெளிமெருகு இறுதியிற் செய்யப்பட வேண்டியது. ஜெல்கோட்டு எனப்படும் புறப்பூச்சின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றரே. வெயிலால் வெளிறிய அதன் மேற்படையை, நீர்தோய்ந்த மிக நுண்ணிய உப்புத்தாளினால் தேய்த்துப் பின் மெருகிட்டால் பழைய வண்ணம் மீளும். அவசரப்பட்டு மிகத் தேய்ப்பின் அடியிலுள்ள இழை வெளிப்படும்.

இழுவண்டி

படகுக்கு இத்துணை உழைப்பை ஈந்தோருட் பலர் இழுவண்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயின், படகு தன் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழிப்பது இழுவண்டியின்மேலேதான். நீரிற் பழுதுற்ற படகு கரைக்கு இழுத்து வரப்படலாம். நெடுஞ்சாலையில் விரைந்து செல்கையிற் சக்கரம் கழன்ற இழுவண்டியோ, படகை அழிப்பதோடு, எதிரே வரும் அயலார் உயிரையும் பறிக்கும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பது பழமொழி. இழுவண்டியின் அச்சாணி அதன் போதிகையாகும். பேரிங்கு என வழங்கும் இவ்வுறுப்பு, படகு இழுவண்டியிற் கெடுவதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. நெடுந்தூரம் ஓடிவந்த சக்கரத்தின் குடம் சூடேறியிருக்கும். அந்நிலையிலேயே இழுவண்டி ஏரியின் குளிர்ந்த நீருள் இறக்கப்படுகின்றது. குடத்துள் இருக்கும் வளி சடுதியாகக் குளிர்ந்து சுருங்க, உள்ளமுக்கம் குறைகின்றது. வெளியிலுள்ள நீர் அடைப்பு வளையத்தைக் கடந்து உள்ளே உறிஞ்சப்படுகின்றது. நீர் கலந்த கிறீசு தன் தன்மையை இழக்க, உருக்கு துருப்பிடிக்கின்றது. சுருளியால் அமுக்கப்பட்ட கிறீசுக் கிண்ணத்தைக் குடத்தின் வாயிற் பொருத்தினால், உள்ளே எப்போதும் சிறிது மிகை அமுக்கம் நிலவும், நீர் நுழையாது. எனினும், ஆண்டுக்கொருமுறை போதிகைகளைக் கழற்றிக் கழுவி, நோக்கி, புதுக் கிறீசு இடுதலுக்கு அது ஈடாகாது. ஏரிக்கரையை அடைந்ததும் நீரில் இறக்குமுன் குடத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணியவிடுதல் செலவில்லாத நற்பழக்கமாகும்.

இழுவண்டியின் தடுப்பும் நுட்பமானது. இழுக்கும் வண்டி வேகத்தைத் தணிக்கும்போது, பின்வரும் இழுவண்டி தன் சடத்துவத்தால் அதனை முன்னே தள்ளுகின்றது. இணைப்பு முனையில் அமைந்த நழுவுகுழாய் அத்தள்ளலை வாங்கித் திரவத்தை அமுக்க, சக்கரத்திலுள்ள தடுப்புகள் பற்றிக்கொள்கின்றன. எவ்வளவு கடுமையாக நிறுத்தப்படுகின்றதோ அவ்வளவு கடுமையாகத் தடுப்பும் பற்றும். ஆனால், மேட்டில் பின்னோக்கிச் செல்லும்போதும் அதே தள்ளல் நேருமாதலால் தடுப்பு வேண்டாவிடத்தும் பற்றிவிடும். இதனை விலக்க, பின்செல் விளக்கு எரியுங்கால் திரவத்தின் வழியை அடைக்கும் மின்வாயில் ஒன்று அமைக்கப்படுகின்றது. பழைய இழுவண்டிக்கு இது நல்ல மேம்பாடாகும். இழை மின்குமிழ்கள் சூட்டோடு நீருள் மூழ்கும்போது வெடிப்பன. முற்றாக மூடப்பட்ட ஒளியுமிழ் இருவாயி விளக்குகள் அக்குறையற்றவை.

ரயர்களின் தேய்வை மட்டும் பார்த்தல் போதாது. படகு இழுவண்டி ஆண்டிற் சில நாள் மட்டுமே ஓடுதலால், அதன் ரயர் தேய்வதன் முன்னரே மூப்படைந்து வெடிக்கின்றது. 2000 ஆம் ஆண்டு முதல் ரயரின் பக்கத்திற் பொறிக்கப்படும் நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையுங் குறிப்பன. 2318 என்றிருப்பின் அது 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திற் செய்யப்பட்டதாகும். படகு கிடக்கும் மரத்தாங்கிகளையும் புதுப்பித்தல் வேண்டும். அவை பிற்பக்கத்தின் ஈறுவரை நீண்டு படகைத் தாங்காவிடின், தாங்காத பகுதி தன் நிறையாலேயே தொய்ந்து அடித்தளத்தின் வடிவைக் கெடுக்கும். பாரப் பகிர்வும் சரியாயிருத்தல் வேண்டும். மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இணைப்பு முனையில் இறங்குமாறு படகை முன்பின்னாக வைத்தல் வழக்கம். முனையிற் பாரம் மிகக் குறையின் இழுவண்டி விரைவில் இருமருங்கும் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையுங் கவிழ்க்கும்.

முடிவுரை

இத்தனை உழைப்பும் செலவும் கொண்டு புதுக்கிய படகு, விற்பனையில் அச்செலவை மீட்டுத் தருவது அரிது. ஆகவே இதனை வாணிகமாகக் கருதி இறங்குவோர் ஏமாற்றமடைவர். எனினும், கண்ணாடியிழை ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருக்கி வார்க்க இயலாத பொருள். கைவிடப்பட்ட படகு மட்காத குப்பையாய் நிலத்தில் தங்கும். உறுதியான உடலை எறியாது, உக்கிய உறுப்பை மட்டும் மாற்றி இன்னுமொரு தலைமுறைக்குப் பயன்படச் செய்தல் சிக்கனமும் அறிவுடைமையும் ஆகும்.

இதன்கண் முறைமை ஒன்றே முதன்மையானது. முதலிற் சட்டம், அடுத்துப் பொறி, அதனுடன் தீயினின்றும் நச்சுப் புகையினின்றுங் காப்பு, பின்னர் இழுவண்டி, ஈற்றில் மெருகு. பெரும்பாலார் இவ்வரிசையைத் தலைகீழாக்கி மெருகிலே தொடங்குதலால், பணந் தீர்ந்து உக்கல் மட்டும் எஞ்சி நிற்கக் காண்கின்றனர். கண்ணுக்குத் தோன்றுவது புகழை ஈட்டித் தரும். கண்ணுக்குத் தோன்றாததே சுமையைத் தாங்கும். புதுக்கிய படகு முதன்முறை நீரில் இறங்கும் நாளில், கரையில் நிற்போர் அதன் வண்ணத்தைப் புகழ்வர். அதில் ஏறிச் செல்லும் குழந்தைகளைக் காப்பனவோ, தளத்தின்கீழ் மறைந்து எவராலும் பாராட்டப்படாத இரு சட்டங்களும், சக்கரத்துள் அடங்கிய ஒரு பிடி கிறீசுமே.